நாலு ஃபெர்ரி, ஒரு வாடகைக் கார்: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கார் வாடகைக்கு எடுத்து டென்மார்க், ஸ்வீடன், ஃபின்லாந்து, எஸ்டோனியா சுற்றிவிட்டு, லாட்வியா, லிதுவேனியா, போலந்து வழியாகத் தரைவழியே திரும்ப நினைக்கிறோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். வழியில் நாலு ஃபெர்ரி, அதாவது காரையும் ஏற்றிச் செல்லும் கப்பல். மாற்ற முடியாத டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. எல்லாவற்றையும் இப்போதே வாங்கிவிடலாமா?

பதில்: இன்னும் ஒன்றையும் வாங்காதீர்கள். கார் உங்களுடையது இல்லை. அதனால் முதல் வேலை, வாடகை ஒப்பந்தத்தைப் படிப்பதுதான். காரை எந்தெந்த நாட்டுக்குள் கொண்டுபோகலாம் என்பது அதில் இருக்கும். கப்பலில் ஏற்றலாமா என்பது வேறு கேள்வி. நாட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, ஃபெர்ரிக்குத் தடை போடும் ஒப்பந்தங்கள் உண்டு. விலை உயர்ந்த ரகக் கார்களை போலந்துக்கும் பால்டிக் நாடுகளுக்கும் (எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா) விடாத கம்பெனிகளும் உண்டு. மீறிப் போய் ஒரு விபத்து நடந்தால், சேதம் முழுவதும் உங்கள் தலையில் விழலாம். எனவே ஏழு நாடுகளின் பெயரையும் 'ஃபெர்ரி' என்ற சொல்லையும் எழுதி மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் இருப்பவர் 'அதெல்லாம் பிரச்சினை இல்லை' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது.

அனுமதி வந்துவிட்டதா? சரி, இனி டிக்கெட். நாலு கப்பல் பயணமும் ஒரே மாதிரி இல்லை. ஜெர்மனியின் புட்கார்டனிலிருந்து டென்மார்க்கின் ரோட்பிக்கு முக்கால் மணி நேரம். டென்மார்க்கின் ஹெல்சிங்கோரிலிருந்து ஸ்வீடனின் ஹெல்சிங்போரிக்கு 20 நிமிடம்தான். இரண்டிலும் நாள் முழுக்கக் கப்பல் ஓடுகிறது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏறலாம். கடலே வேண்டாம் என்றாலும் டென்மார்க்கின் தீவுகளை இணைக்கும் கிரேட் பெல்ட் பாலமும் அங்கிருந்து ஸ்வீடனுக்குப் போகும் ஓரசுண்ட் பாலமும் இருக்கின்றன, சுங்கம் கட்டிப் போகலாம். இந்த இரண்டுக்கும் நேரம் குறித்த மலிவு டிக்கெட்டை வாங்கிவைத்துக்கொண்டு, கோடைக்கால சனிக்கிழமை நெரிசலில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவது வீண் பதற்றம். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து எஸ்டோனியாவின் தாலினுக்கு சுமார் 2 மணி நேரப் பயணம், தினமும் பல கப்பல்கள். அதையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பயணமே தொங்கிக்கொண்டிருப்பது ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமிலிருந்து ஃபின்லாந்தின் துர்குவுக்குப் போகும் இரவுக் கப்பலில்தான். ஏறக்குறைய 11 மணி நேரம், பிள்ளைகளோடு போகிறீர்கள், கேபின் கட்டாயம் வேண்டும். கோடையில் நாலு பேர் கேபின்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதென்றால் நான் இதற்கு மட்டும்தான் கொடுப்பேன். மலிவு டிக்கெட்தான் என்றால், முந்தின நாளே ஸ்டாக்ஹோம் போய்ச் சேருகிற மாதிரி திட்டமிடுங்கள். இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பித் தரும் ஐரோப்பிய உரிமை பயணிகள் போக்குவரத்து டிக்கெட்டுக்குக் கிடையாது. நிறையப் பேர் அதை நம்பி ஏமாறுகிறார்கள்.

இன்னொரு விஷயம், காரின் அளவு. கார் எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் என்பதை வைத்துத்தான் ஃபெர்ரியில் கட்டணம். சில வருடம் முன்பு நான் காரின் உயரத்தைக் கையேட்டைப் பார்த்து நிரப்பிவிட்டு, கூரைமேல் சாமான் வைக்கும் ரூஃப் பாக்ஸை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். சோதனைச் சாவடியில் ஒரு பெண் நீளமான அளவுகோலைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கட்டண வித்தியாசத்தைக் கட்டியதோடு, உயரமான வண்டிகளின் வரிசைக்கு மாறி, அடுத்த கப்பல் வரை காத்திருந்தோம். அன்றிலிருந்து சாமானெல்லாம் ஏற்றி முடித்த பிறகு இன்ச் டேப்பால் நானே அளக்கிறேன். பின்னால் சைக்கிள் மாட்டினால் நீளமும் கூடும், மறக்காதீர்கள். வாடகைக் கார் என்பதால் எந்த மாடல் வரும், பதிவு எண் என்ன என்பது முன்கூட்டியே தெரியாது. இவற்றைப் பிறகு திருத்த முடியுமா என்று டிக்கெட் வாங்கும்போதே பாருங்கள். கூடுமானவரை கப்பல் கம்பெனியிடமே நேரடியாக வாங்குங்கள். இடைத்தரகர் தளத்தில் வாங்கினால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: கப்பல் தாமதமானாலோ ரத்தானாலோ பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 ஒழுங்குமுறை இதற்காகவே இருக்கிறது. கப்பல் ரத்தானாலோ, புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்றாலோ, இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்: வேறு கப்பலில் கூடுதல் செலவில்லாமல் போவது, அல்லது 7 நாளுக்குள் டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறுவது. இரவு தங்க நேர்ந்தால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 80 யூரோ வரை, அதிகபட்சம் 3 இரவுகளுக்கு, கம்பெனியின் பொறுப்பு.

போய்ச் சேருவது தாமதமானால் நஷ்டஈடு தனி. தாலின் கப்பல் மாதிரி 4 மணி நேரம் வரையிலான பயணத்தில் ஒரு மணி நேரத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதம். துர்கு கப்பலுக்கு அதே 25 சதவீதம் கிடைக்க 3 மணி நேரம் தாமதமாக வேண்டும். தாமதம் இந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் 50 சதவீதம். ஆனால் புயல், மோசமான கடல் என்று காரணம் இருந்தால் இந்த நஷ்டஈடு கிடையாது. வானிலைதான் காரணம் என்றால் ஹோட்டல் செலவும் கிடையாது. வேறு கப்பல் அல்லது பணம் என்ற உரிமை மட்டும் அப்போதும் உண்டு.

புறப்படும் நேரமே குறிக்காத திறந்த டிக்கெட் வாங்கினால் மேலே சொன்ன உரிமைகள் பொருந்தாது. எப்போது வேண்டுமானாலும் ஏறலாம் என்ற வசதிக்கு இந்த விலையும் உண்டு. புகாரை 2 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதத்தை அறிவிக்கும் பலகையை அங்கேயே போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: இரவுக் கப்பலில் காரிலிருக்கும் சாமான்களை நடுவில் எடுக்க முடியுமா?

பதில்: முடியாது. கப்பல் கிளம்பியதும் கார் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். மாற்றுத்துணி, மருந்து, பாஸ்போர்ட், பிள்ளைகளுக்கு வேண்டியது எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டு, வரிசையில் நிற்கும்போதே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, கார் அலாரத்தை அணைத்துவிட்டு இறங்குங்கள்; இல்லையென்றால் கப்பல் ஆடும்போது அது கத்த ஆரம்பிக்கும். அப்புறம், ஃபின்லாந்து நேரம் ஸ்வீடனைவிட ஒரு மணி நேரம் முன்னால். காலையில் கப்பல் துர்கு சேரும் நேரம் டிக்கெட்டில் ஃபின்லாந்து நேரப்படி இருக்கும். போனில் அலாரம் வைக்கும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.