குவாசரைச் சுற்றி ஒளிரும் வாயு – கடிதம், பதில்

வணக்கம். குவாசர்களை, அதாவது கேலக்ஸிகளின் மையத்தில் ராட்சதக் கருந்துளை வாயுவை விழுங்கும்போது பளீரென ஒளிரும் இடங்களை, சுற்றி லட்சக்கணக்கான ஒளியாண்டு அகலத்துக்கு வாயு மேகங்கள் ஒளிர்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். கருந்துளை ஒளியைக்கூட வெளியே விடாது என்றுதான் படித்திருக்கிறேன். அப்படியென்றால் இவ்வளவு வாயுவை அது எப்படி வெளியே துப்பியது? படங்களில் உள்ள நீலமும் பச்சையும் நிஜ நிறங்களா, கணினியில் பூசியவையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒளிரும் வாயுவெல்லாம் கருந்துளை துப்பிய வாயு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒளிர்வது வேறு, வெளியேறுவது வேறு.

குவாசரின் ஒளி கருந்துளைக்குள்ளிருந்து வருவதில்லை. உள்ளே விழப்போகும் வாயு அதைச் சுற்றி ஒரு வட்டாகச் சுழல்கிறது. உராய்ந்து கடுமையாகச் சூடேறும் அந்த வட்டுதான் ஒளியை உமிழ்கிறது. விழும் பொருளின் நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றலாக மாறிவிடும். சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது மாறுவது 0.7 சதவீதம் மட்டுமே.

இந்த வட்டிலிருந்து கிளம்பும் புற ஊதா ஒளி, தொலைவில் ஏற்கெனவே இருக்கும் வாயுவின்மேல் விழுகிறது. ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறிகிறது. எலக்ட்ரான் மறுபடி வந்து சேரும்போது 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி வருகிறது. இதை லைமன் ஆல்ஃபா என்பார்கள். 2014-இல் ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியில் யுஎம் 287 என்ற குவாசரைச் சுற்றிக் கண்டறிந்த மேகம் சுமார் 15 லட்சம் ஒளியாண்டு நீளம். அதை யாரும் துப்பவில்லை. கேலக்ஸிகளை இணைத்தபடி பிரபஞ்சம் முழுக்க ஓடும் வாயு இழைகளில் ஒன்றின்மேல் குவாசரின் வெளிச்சம் பட்டிருக்கிறது, அவ்வளவே. 2016-இல் சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியின் மியூஸ் கருவியால் 19 குவாசர்களைப் பார்த்தார்கள். முந்தைய ஆய்வுகளை வைத்துப் பத்தில் ஒன்றில் இத்தகைய மேகம் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள், பத்தொன்பதிலும் இருந்தது! பெரும்பாலும் அமைதியான வாயு. குவாசருக்கு இரையாகப் போவதும் இதில் ஒரு பகுதியாக இருக்கலாம்.

வெளியேறும் வாயுவும் உண்டு. வட்டின் ஒளியழுத்தமே அருகிலுள்ள வாயுவை நெட்டித் தள்ளும். கருந்துளையின் விளிம்பைத் தாண்டி உள்ளே போனதுதான் திரும்பாது. வெளியே இருப்பதைத் தள்ளத் தடையில்லை. 2012-இல் விஎல்டி மூலம் அளந்த எஸ்டிஎஸ்எஸ் ஜே1106+1939 என்ற குவாசரிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 400 சூரியன்களின் நிறை வெளியேறுகிறது. வேகம் நொடிக்கு 8,000 கிலோமீட்டர். இப்படிக் காலியான கேலக்ஸியில் புது விண்மீன் பிறக்கக் கச்சாப்பொருள் மிஞ்சுமா என்பது இன்றும் சூடான விவாதம். என்னை இந்தத் துறையில் கட்டிப்போட்டிருப்பதே அந்தக் கேள்விதான்.

இரண்டையும் பிரித்தறிய நிறமாலைதான், அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் வழி. ஒரு வாயு உமிழும் ஒளி அதில் ஒரு கோடாகத் தெரியும். அமைதியான வாயுவின் கோடு ஒடுக்கமாக இருக்கும். சீறிப் பாயும் வாயுவில் ஒரு பகுதி நம்மை நோக்கியும் ஒரு பகுதி விலகியும் போவதால் டாப்ளர் விளைவில் கோடு அகன்று விடும். ஒரு பக்கம் நீல வால் முளைக்கும்.

இனி நிறம். லைமன் ஆல்ஃபா கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. ஆனால் பிரபஞ்ச விரிவில் அலை நீள்கிறது. செம்பெயர்ச்சி 3 உள்ள, அதாவது அலை நான்கு மடங்காக நீளும் அளவுக்குத் தொலைவிலுள்ள குவாசரிலிருந்து வரும்போது அது 486 நானோமீட்டர், அதாவது நீலப்பச்சை. நிறத்தில் உண்மை உண்டு, ஆனால் கண்ணால் பார்க்க முடியாத அளவுக்கு மங்கல். அதனால் படத்தில் நிறத்தையும் பிரகாசத்தையும் ஆய்வாளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

பச்சை ஆக்சிஜனுடையது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் உமிழும் கோடு அது. இதற்காக அந்த அயனி கிளர்ந்த நிலையில் முக்கால் நிமிடம்போல் காத்திருக்க வேண்டும். பூமியில் நம் காற்றில் அதற்குள் எத்தனையோ துகள்கள் வந்து மோதி ஆற்றலைப் பறித்துவிடும். விண்வெளியில் வாயு அவ்வளவு அரிதாக இருப்பதால் காத்திருக்க முடிகிறது. இந்தக் கோட்டைப் பூமியில் காணாத ஒரு தனிமத்துடையது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1927-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன்தான் ஆக்சிஜன் என்று காட்டினார்.

இந்த ஆக்சிஜன் கோட்டில் ஒளிரும் ஒரு மேகத்தை 2007-இல் ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, பொதுமக்கள் பங்கேற்கும் கேலக்ஸி ஸூ திட்டத்துக்காகக் கேலக்ஸிப் படங்களை வகைப்படுத்தும்போது கண்டார். ஐசி 2497 என்ற கேலக்ஸிக்குப் பக்கத்தில், சுமார் 65 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது அந்த மேகம். ஆனால் அதை ஒளிரவைக்கும் அளவுக்குப் பிரகாசமான குவாசர் அந்தக் கேலக்ஸியின் மையத்தில் இல்லை. கடந்த இரண்டு லட்சம் ஆண்டுகளுக்குள் அது மங்கிவிட்டது. அது பிரகாசமாக இருந்தபோது கிளம்பிய ஒளி மேகத்தைத் தொட்டுச் சுற்றி வந்ததால் நமக்குத் தாமதமாகக் கிடைக்கிறது. ஒரு குவாசர் எவ்வளவு சீக்கிரம் அணையும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் நேரடிச் சான்றுகளில் இது முக்கியமானது.

அடுத்த முறை இத்தகைய படத்தைப் பார்க்கும்போது கூடவே வேக வரைபடம் இருக்கிறதா என்று தேடுங்கள். வாயு வெளியேறுகிறதா, சும்மா ஒளிர்கிறதா என்பது அதில்தான் தெரியும்.