கேள்வி பதில்: புரொவைடரில் இல்லாத லோடு பேலன்சர்

கேள்வி: செலவைக் குறைப்பதற்காக எங்கள் நிறுவனம் ஒரு சிறிய கிளவுடுக்கு மாறிவிட்டது. சர்வர், டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் டெர்ராஃபார்மில் (கட்டமைப்பைக் கோப்பில் எழுதி உருவாக்கும் கருவி) எழுதிவிட்டேன். வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிரும் லோடு பேலன்சர் மட்டும் அவர்களுடைய புரொவைடரில், அதாவது டெர்ராஃபார்மை அந்தக் கிளவுடோடு இணைக்கும் நிரலில், இல்லை. டெர்ராஃபார்ம் ஓடும் கணினியிலேயே கட்டளை ஓட்டும் லோக்கல்-எக்ஸெக் புரொவிஷனர் வழியாக, இணையக் கோரிக்கை அனுப்பும் ஒரு கர்ல் கட்டளையை ஓட்டி அதை உருவாக்கிக்கொள்கிறேன். வேலை நடக்கிறது. புரொவைடரையே விரித்து எழுதத்தான் வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: உருவாக்கிய அன்றைக்கு வேலை நடக்கும், சந்தேகமில்லை. அடுத்த வாரம் யாரோ கிளவுடின் இணையப் பக்கத்துக்குள் நுழைந்து 443ஆம் போர்ட்டை 8443 ஆக்கினால் டெர்ராஃபார்முக்கு அது தெரியவே தெரியாது. எல்லாவற்றையும் அழிக்கும் டெஸ்ட்ராய் கட்டளையைக் கொடுத்தால் சர்வர்கள் போய்விடும். லோடு பேலன்சர் மட்டும் வாடகையை ஏற்றிக்கொண்டு நிற்கும். அழிப்பதற்கென்று இன்னொரு கர்ல் எழுதிக்கொள்ளலாம்தான். ஆனால் இடையில் நடந்த மாற்றத்தை எந்தக் கர்லும் வந்து சொல்லாது. இத்தகைய புரொவிஷனர்களை வேறு வழியே இல்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள் என்று டெர்ராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப்பின் ஆவணங்களே சொல்கின்றன.

ஆகவே எழுதுங்கள். அதற்கு முன் ஒரு மதியம் முழுவதும் அந்தக் கிளவுடின் ஏபிஐயோடு (நிரல்கள் பேசும் இடைமுகம்) மட்டும் பேசிப் பாருங்கள். உருவாக்கியதும் ஐடி தருகிறதா? அந்த ஐடியைக் கொடுத்துக் கேட்டால், நீங்கள் அனுப்பிய விவரம் அத்தனையும் திரும்பி வருகிறதா? அழித்தபின் கேட்டால் 404 (இல்லை) என்கிறதா, அல்லது 200 (சரி) என்று சொல்லிவிட்டு உள்ளே ‘நீக்கப்பட்டது’ என்று எழுதி அனுப்புகிறதா? கடைசி ரகம் நிறைய உண்டு.

புதிதாக எழுதுகிறவர்கள் பொருளை உருவாக்கும் கிரியேட் செயல்பாட்டில்தான் உழைப்பைக் கொட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் கிளவுடில் இருப்பதைப் படித்துவரும் ரீட் செயல்பாடுதான் புரொவைடரின் உயிர். ஒவ்வொரு பிளானுக்கு (என்ன மாறப்போகிறது என்ற பட்டியல்) முன்னும் டெர்ராஃபார்ம் ரீட்டை அழைத்துத்தான் ஸ்டேட்டைப் (என்னென்ன இருக்கின்றன என்று அது வைத்திருக்கும் பதிவு) புதுப்பித்துக்கொள்கிறது. 404 வந்தால் அந்தப் பொருளை ஸ்டேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்; பிளான் தானாகவே ‘மறுபடி உருவாக்க வேண்டும்’ என்று சொல்லும். 500 (சர்வர் பிழை) வந்தால் எடுக்கவே கூடாது, பிழையை அப்படியே திருப்புங்கள். இரண்டையும் ஒன்றாகப் பாவித்த நிரலைப் பார்த்திருக்கிறேன். கிளவுட் அரை மணி நேரம் தள்ளாடினால், உயிரோடு இருக்கும் லோடு பேலன்சர்களுக்கெல்லாம் இரண்டாம் பிரதி போடப் பிளான் தயாராக நிற்கும்.

லோடு பேலன்சர் உடனே பிறப்பதில்லை. ஏபிஐ ‘காத்திருக்கிறது’ என்ற நிலையோடு ஐடியைத் தந்ததும், முதலில் ஐடியை ஸ்டேட்டில் பதியுங்கள். அதற்குப் பிறகுதான் அது தயாராகும் வரை காத்திருக்க வேண்டும். வரிசையை மாற்றினால், காத்திருப்பு நடுவில் அறுந்தபோது பெற்றோர் இல்லாத ஒரு லோடு பேலன்சர் கிளவுடில் மிஞ்சும்.

இன்னொன்று. நான் வேலை பார்த்த ஒரு கிளவுட், பெயரைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் சத்தமில்லாமல் சின்ன எழுத்தாக்கி வைத்துக்கொள்ளும். டெர்ராஃபார்ம் அதை விடாது. மாற்றத்தை நிறைவேற்றும் அப்ளைக்குப் பின் புரொவைடர் முரணான மதிப்பைத் தந்தது என்று கத்தி நிறுத்திவிடும். சாமர்த்தியமாக மாற்றிக் கொடுக்க முயலாதீர்கள். பெரிய எழுத்தை, புலங்களை வரையறுக்கும் ஸ்கீமாவிலேயே மறுத்துவிடுங்கள்.

எந்தப் புலம் மாறினால் பழையதை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும் என்று குறிப்பதிலும் கஞ்சத்தனம் தேவை. லோடு பேலன்சர் புதிதானால் ஐபி முகவரி மாறலாம், டிஎன்எஸ் பதிவும் அதன் பின்னால் ஓட வேண்டும். ஏபிஐயால் மாற்றவே முடியாத புலங்களுக்கு மட்டும் அந்தக் குறி போதும்.

கேள்வி: எனக்குப் பைத்தான்தான் வரும். அதில் எழுதலாமா? டெர்ராஃபார்ம் குழுவின் ஒப்புதல் வேண்டுமா?
– வாசகி, திருச்சி

பதில்: ஒப்புதல் வேண்டாம். 2017இல் வந்த 0.10 பதிப்பிலேயே புரொவைடர்கள் மூல நிரலிலிருந்து பிரிந்துவிட்டன. இன்று புரொவைடர் என்பது தனியாக ஓடும் ஒரு நிரல். டெர்ராஃபார்மோடு ஜிஆர்பிசி என்ற தொடர்பு முறை வழியே பேசுகிறது. அதனால் ஏட்டளவில் எந்த மொழியும் சரி. நடைமுறையில் கோ மொழிதான், ஏனென்றால் நூலகங்கள் அதில்தான் இருக்கின்றன. ஒரு ரிசோர்ஸ் (லோடு பேலன்சர் போன்ற ஒரு பொருள் வகை) எழுதும் அளவுக்குக் கோ கற்பது பைத்தான் தெரிந்தவருக்குக் கடினமில்லை. ஏற்கெனவே உள்ள புரொவைடர் பழைய எஸ்டிகேயில் (புரொவைடர் எழுத உதவும் நூலகம்) இருந்தால் முழுவதையும் திருத்தி எழுதாதீர்கள். மக்ஸ் நூலகம் பழையதையும் புதிய ஃபிரேம்வொர்க்கில் எழுதியதையும் ஒரே புரொவைடராகச் சேர்த்து ஓட்டும்.

கேள்வி: ஃபயர்வால் விதிகளை நான் தொடவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பிளானிலும் மாற்றம் காட்டுகிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கிளவுட் விதிகளை வேறு வரிசையில் திருப்பித் தருகிறது. ஸ்கீமாவில் லிஸ்ட் என்றிருப்பதை, வரிசை பார்க்காத செட் ஆக்குங்கள். விதிகளுக்கு வரிசையே பொருள் என்றால் மட்டும் லிஸ்ட் இருக்கட்டும். அப்போது ஏபிஐ தரும் முன்னுரிமை எண்ணை வைத்து நீங்களே அடுக்கிக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எழுதி முடித்த புரொவைடரை ரெஜிஸ்ட்ரியில் (புரொவைடர்களின் பொதுக் கிடங்கு) போட்டுத்தான் ஆக வேண்டுமா? நாங்கள் பயன்படுத்துவது டெர்ராஃபார்மிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபு.
– வாசகர், சென்னை

பதில்: அலுவலகத்துக்குள் மட்டும் என்றால் தேவையில்லை. கட்டிய நிரலை ஒரு கோப்புறையில் வைத்து, அமைப்புக் கோப்பில் அதை உள்ளூர் மிரராக (பிரதிக் கிடங்காக) காட்டினால் போதும். வெளியிடுவதானால் கிட்ஹப்பில் பொதுக் களஞ்சியம், ஜிபிஜி கருவியால் இடும் டிஜிட்டல் கையொப்பம் இரண்டும் வேண்டும். டெர்ராஃபார்ம் ரெஜிஸ்ட்ரிக்கு கையொப்பத்துக்கு ஆர்எஸ்ஏ வகைச் சாவியையே உருவாக்குங்கள். புதிய ஜிபிஜி இயல்பாகத் தரும் ஈசிசி வகைச் சாவியை அது ஏற்காது. ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் உரிமத்தை மாற்றியதை ஒட்டிப் பிரிந்த ஓப்பன்டோஃபுவுக்குத் தனி ரெஜிஸ்ட்ரி இருக்கிறது. அங்கே தனியாக விண்ணப்பியுங்கள். புரொவைடர் நிரல் ஒன்றே, இரண்டிலும் ஓடும்.