ரூலெட்டில் ஐந்து தடவை சிவப்பு வந்தால் அடுத்தது கறுப்புத்தானே?

ரூலெட் என்ற சூதாட்டச் சக்கரத்தில் தொடர்ந்து சிவப்பு வரும்போது கறுப்பில் காசு கட்டி, தோற்கத் தோற்க இரட்டிப்பாக்கினால் கடைசியில் வெல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். படுவான்கரையில் வயல் செய்யும் என் அக்காவின் மகன் இதே கணக்கை நம்பி, பெரும்போகத்து நெல் விற்ற காசில் 76,500 ரூபாயை ஒரே இரவில் போனில் ரூலெட் ஆடி விட்டான்.

ஐரோப்பியச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். 18 சிவப்பு, 18 கறுப்பு, 0 மட்டும் பச்சை. சக்கரம் ஒரு பக்கம் சுழல, சின்னப் பந்தை எதிர்ப்பக்கமாக விளிம்பில் ஓடவிடுவார்கள். வேகம் குறைந்ததும் அது இறங்கி, துள்ளி, ஒரு குழிக்குள் தங்கும். நிறத்தில் கட்டி வென்றால் கட்டிய அளவு லாபம். தனி எண்ணுக்கு 35 மடங்கு.

35 மடங்கு என்றால் பெரிதாகத் தெரியும். மருமகனை விறாந்தையில் இருத்தி, சோக்கால் 37 கட்டம் கீறி, ஒவ்வொன்றிலும் ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொன்னேன். எது விழுந்தாலும் அவனுக்கு வெற்றிதானே? 17 விழுந்ததாக வைத்துக்கொண்டோம். அதில் வைத்த கொட்டை ஒன்று, லாபம் 35. மொத்தம் 36ஐ அவன் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒண்டு குறையுது மாமா" என்றான்.

அந்த ஒரு கொட்டைதான் கசினோவின் வருமானம். 37க்கு 1, அதாவது 2.7 சதவீதம். அமெரிக்கச் சக்கரத்தில் 00 என்று இன்னொரு பச்சைக் குழியும் உண்டு; அங்கே 5.26 சதவீதம். சக்கரத்தில் கள்ளம் எதுவும் செய்யத் தேவையே இல்லை. நிறத்தில் கட்டினாலும் இதே கணக்குத்தான், 0 விழுந்தால் சிவப்பும் போச்சு, கறுப்பும் போச்சு.

சரி, ஐந்து சிவப்புக்கு வருவோம். முன்னால் என்ன விழுந்தது என்று பந்துக்குத் தெரியாது. ஆறாவது தடவையும் கறுப்புக்கு 37இல் 18 வாய்ப்புத்தான். 1913 ஆகஸ்ட் 18இல் மொனாக்கோ நாட்டின் மொண்டி கார்லோ கசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை வந்தது. இனிச் சிவப்புத்தான் என்று கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள்.

இரட்டிப்பு முறைதான் இதில் ஆகப் பொல்லாதது, ஏனென்றால் அது முதலில் வேலை செய்யும். மருமகனும் ஒரு கிழமை 300, 300ஆக வென்றான். ஆனால் எட்டுத் தடவை தொடர்ந்து தோற்பது ஏறக்குறைய 200 முயற்சிக்கு ஒருமுறை வரக்கூடியது. அன்றிரவு அவனுக்கு வந்தது. 300, 600, 1,200 என்று ஏறி எட்டாவது 38,400. ஒன்பதாவதுக்கு 76,800 வேண்டும், அவனிடம் இல்லை. இருந்து, கட்டி, வென்றிருந்தாலும் கையில் மிஞ்சும் லாபம் அதே 300 ரூபாய்தான்.