லேப்ராஸ்கோபி முடிந்து மலையேறலாமா? மயக்க மருந்தும் குமட்டலும்: கேள்வி பதில்

கோத்தகிரி: டாக்டர், அக்காவுக்குக் கோவையில் பித்தப்பை லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன். மாலையே அனுப்பிவிடுவார்களாம். போன ஆபரேஷனில் விடிய விடிய வாந்தி. எந்த மயக்க மருந்து கேட்கலாம்?

மருந்தின் பெயர் அப்புறம். பெண், புகைபிடிக்காதவர், முன்பு ஆபரேஷனுக்குப் பின் வாந்தி எடுத்தவர் அல்லது பஸ்ஸில் வாந்தி வருபவர், பிறகு மார்ஃபின் வகை வலிமருந்து தேவைப்படுபவர். ஆபரேஷனுக்குப் பின் குமட்டலோ வாந்தியோ வரும் வாய்ப்பைச் சொல்ல 1999-ல் வந்த அப்ஃபெல் கணக்கு இந்த நான்கைத்தான் எண்ணுகிறது. ஒன்றும் இல்லையென்றால் 10 சதவீதம், மூன்று இருந்தால் 60, நான்கும் இருந்தால் 80-ஐ ஒட்டி. அக்கா புகைபிடிக்காதவர் என்றால் மூன்று ஏற்கெனவே ஆயிற்று. மலைப்பாதையில் கவர் பிடிக்கிற ஆளா என்பதையும் மயக்க டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் அதற்குக் கட்டம் இருக்காது.

இப்படிப்பட்டவருக்கு செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுவை விட்டுவிட்டு, புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை நரம்பு வழியே தொடர்ந்து செலுத்துவது நல்லது. வாந்தியைத் தடுக்க, தூங்க வைத்ததும் டெக்சாமெதசோன் 4 மி.கி.; அது மெதுவாக வேலை செய்யும், அதனால் ஆரம்பத்திலேயே. விழித்திருக்கும்போது வேகமாகப் போட்டால் பிறப்புறுப்புப் பக்கம் தாங்க முடியாத அரிப்பு வரும். இன்னொரு வாந்தி மருந்தான ஆன்டான்செட்ரான் 4 மி.கி. தையல் போடும் நேரத்தில். அதன் பலம் சில மணி நேரம்தான், முதலிலேயே போட்டு வீணாக்கக் கூடாது. வலிக்கு, துளை போட்ட இடங்களில் மரத்துப்போக வைக்கும் புபிவகேன், கூடவே பாராசிட்டமால். மருந்துச் சீட்டில் டிராமடால் என்ற வலிமருந்து இருந்தால் வேறு கேளுங்கள், அதுவே வாந்தி வரவழைக்கும்.

ஆபரேஷன் அன்றே மலையேறாதீர்கள். கீழேயே ஒரு ராத்திரி தங்குங்கள்.

குன்னூர்: புரோபோஃபால் போட்டால் வாந்தியே வராதாமே?

குறையும், அவ்வளவுதான். வாயு மயக்கத்தால் வரும் வாந்தி பெரும்பாலும் முதல் 2 மணி நேரத்தோடு சரி. கல்லாறு தாண்டி வளைவுகளில் வருவதற்கு வலிமருந்தும் வண்டி ஆட்டமும் காரணம், அதைப் புரோபோஃபால் தடுக்காது. 2004-ல் வந்த பெரிய ஆய்வில் ஆன்டான்செட்ரானும் டெக்சாமெதசோனும் தனித்தனியே ஆபத்தில் கால் பங்கைக் குறைத்தன, புரோபோஃபால் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றை. அதனால்தான் சேர்த்துக் கொடுக்கிறோம்.

ஊட்டி: எனக்கும் பித்தப்பைதான். எந்த மயக்கம் நல்லது?

கோத்தகிரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அரவேணு: சர்க்கரை உண்டு. டெக்சா போடலாமா?

ஒரு டோஸுக்குச் சர்க்கரை ஒரு நாள் ஏறும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அன்று அடிக்கடி பார்க்கட்டும்.

கூடலூர்: வயிற்றில் நிரப்பிய வாயு மலையேறினால் உப்புமாமே? சிப்ஸ் பாக்கெட் மாதிரி?

மிச்சமிருப்பது கரியமில வாயு. ரத்தத்தில் சீக்கிரம் கரைந்து மூச்சோடு போய்விடும். தோள்பட்டை வலி ஓரிரு நாள் இருக்கலாம்.

ஊட்டி, இயற்பியல் ஆசிரியர்: அழுத்தம் குறைந்தால் வாயு விரியும் என்கிற பாயில் விதியை டாக்டர் மறந்துவிட்டார். கோவை 411 மீட்டர், ஊட்டி 2,240. மிச்ச வாயு கால் பங்கு விரியுமே?

கணக்கு சரிதான் சார், மறுக்கவில்லை. விரிவதற்கு இருப்பதே கொஞ்சம், வயிறும் விரிந்து கொடுக்கிற இடம். கூடலூர்க்காரர் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் விதி நிஜமாகக் கொல்கிற இடம் கண். விழித்திரை ஆபரேஷனில் எஸ்.எஃப்.6, சி3எஃப்8 வாயுக்கள் போடுவார்கள், வாரக்கணக்கில் தங்கும். கண்ணுக்கு விரிய இடமில்லை. மலையேறினால் அழுத்தம் கூடிப் பார்வையே போகலாம். அவர்கள் கண் டாக்டர் சொல்லும்வரை மேட்டுப்பாளையத்தைத் தாண்டக் கூடாது. அவர்களுக்குச் சிரிப்பு வாயுவும் கூடாது.

கூடலூர்: அப்போ பஸ் ஏறும் முன் அவோமின் போட்டுக்கொள்ளலாமா?

அது புரோமெதசின், நன்றாகத் தூக்கம் வரும். வலிமருந்தோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஆன்டான்செட்ரானும் பஸ் வாந்திக்கு அவ்வளவு உதவாது. மறுபடியும்: அன்றே மலையேறாதீர்கள்.

குந்தா: காலையில் டீ குடித்துவிட்டுப் போகலாமா?

பால் டீ 6 மணி நேரத்துக்கு முன்போடு சரி. பால் இல்லாத வரட்டீ 2 மணி நேரத்துக்கு முன்புவரை.

கோத்தகிரி: டூ வீலரில் கூட்டிவரலாமா?

கூடாது. 24 மணி நேரத்துக்கு அவர் வண்டியும் ஓட்டக் கூடாது. வாந்தியோடு வயிறு உப்பி வலி கூடினால், காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால் மயக்க மருந்தைப் பழிக்காதீர்கள். ஆபரேஷன் செய்தவரிடம் உடனே திரும்புங்கள்.