ஆஸ்திரேலியா சுற்றுலா: சிலந்திக்கும் பூச்சிக்கும் எவ்வளவு பயப்படலாம்?

"டிசம்பரில் குழந்தைகளோடு சிட்னி வருகிறோம். ஷூவுக்குள்ளே, கமோடுக்குள்ளே எல்லாம் விஷச் சிலந்தி இருக்குமாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கேயே குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஹோட்டலில் தங்கி ஓபரா ஹவுஸ், பாண்டாய் கடற்கரை என்று சுற்றிவிட்டுத் திரும்பினால், ஒரு சிலந்தியைக்கூடப் பார்க்காமலே ஊர் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். தோட்டம் வைத்த உறவினர் வீட்டில் தங்கினால் கதை கொஞ்சம் வேறு.

அங்கே கண்ணில் படுவது அநேகமாக ஹன்ட்ஸ்மேன் என்ற சிலந்தி. தட்டையான பழுப்பு உடம்பு, காலை விரித்தால் உள்ளங்கை அகலம். வலை கட்டி உட்காராது, ஓடிப்போய் இரை பிடிக்கும். பார்த்தால் குலை நடுங்கும், ஆனால் கடித்தாலும் வலியோடு போய்விடும். கரப்பானைத் தின்கிறதே என்று அதை விட்டுவைக்கிற வீடுகளும் உண்டு. அதனால் வரும் நிஜ ஆபத்து காருக்குள்தான். ஒரு தடவை வெயிலுக்காக சன் வைசரை இறக்கினேன். பின்னாலிருந்து முதலில் ஒரு கால் வந்தது, அப்புறம் இன்னொன்று. நல்லவேளை, வண்டி இன்னும் கிளம்பவில்லை. ஓடுகிற வண்டியில் வந்தால் பதறாமல் ஓரம் கட்டுங்கள், அவ்வளவுதான்.

மதிக்க வேண்டியது சிட்னி ஃபன்னல்-வெப் என்ற விஷச் சிலந்தி. பளபளக்கும் கறுப்பு நிறம், ஈர மண்ணில் வளை. ஆண் சிலந்திக்குத்தான் விஷம் அதிகம். கோடையில் அது பெண்ணைத் தேடி அலையும்போதுதான் வீட்டுக்குள் நுழைவதும் நீச்சல் குளத்தில் விழுவதும். குளத்தின் அடியில் அசையாமல் கிடந்தாலும் செத்துவிட்டது என்று கையில் எடுக்காதீர்கள். தண்ணீருக்குள் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். ராத்திரி வெளியே விட்ட ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள்.

இத்தனை சொன்னாலும், 1981இல் விஷமுறிவு மருந்து வந்த பிறகு ஃபன்னல்-வெப் கடித்து ஒருவர்கூட இறந்ததில்லை. சிட்னிக்கு வடக்கே ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க் என்ற ஊர்வனப் பூங்காவில் இந்தச் சிலந்திகளிடமிருந்து விஷம் எடுக்கிறார்கள். அதை முயல்களுக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அவற்றின் ரத்தத்திலிருந்து மருந்து தயாராகிறது. பொதுமக்களே ஜாடியில் பிடித்துக்கொண்டு வந்து கொடுக்கிற சிலந்திகளும் இதில் சேர்த்தி. குழந்தைகளை அங்கே கூட்டிப்போங்கள், பயம் போய் ஆர்வம் வந்துவிடும்.

ஃபன்னல்-வெப் கடித்துவிட்டால்? கடிபட்ட கையையோ காலையோ முழுக்க இறுக்கமாக பேண்டேஜ் சுற்றி, ஆளை அசையாமல் வைத்து, 000 என்ற அவசர உதவி எண்ணுக்கு போன் போடுங்கள். கடித்தது முதுகில் சிவப்புக் கோடுள்ள ரெட்பேக் சிலந்தி என்றால் பேண்டேஜ் வேண்டாம். ஐஸ் ஒத்தடம் கொடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு மருந்து 1956இலேயே வந்துவிட்டது.

என்னைக் கேட்டால், உங்கள் பயத்தில் பாதியைக் கடலுக்கு ஒதுக்குங்கள். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் 'ரிப்' நீரோட்டத்தில் வருஷா வருஷம் ஆட்கள் உயிரை விடுகிறார்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள்.

பூச்சித் தொல்லை என்றால் அது ஈதான். நாட்டின் நடுவே பாலைவனத்தில் இருக்கும் உளுரு என்ற பெரும்பாறை பக்கம் போவதாக இருந்தால், தொப்பிக்கு மேல் போடும் முகவலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஈ கடிக்காது, ஆனால் கண்ணோரத்து ஈரத்துக்கும் வாய்க்கும் விடாமல் வரும். வலையோடு போட்டோ நன்றாக விழாது, பரவாயில்லை.