ட்ரெய்லர் டிராபார் (ட்ரெய்லர வண்டியில மாட்டுற முன்பக்க இழுவைச் சட்டம்) வெல்டிங் பக்கத்துல விரிசல்: மேலயே இன்னொரு கோட் வெல்டிங் போட்டா போதுமா?

போதாது ப்ரோ. விரிசல் மேலயே வெல்டிங் போட்டீங்கன்னா உள்ள விரிசல் அப்படியேதான் இருக்கும், அடுத்த ட்ரிப்ல பக்கத்துலயே திரும்ப கிழியும். விரிசலோட ரெண்டு முனையிலயும் சின்னதா ஓட்டை போட்டு, கிரைண்டர்ல வி மாதிரி முழுசா தோண்டி எடுத்துட்டுதான் ராடு பிடிக்கணும்.

நீங்க சொன்னத வச்சு பாத்தா டிராபார் முன்பக்க குறுக்குச் சட்டத்தோடயே முடிஞ்சு போகுது, அதான் காரணம்னு தோணுது. கோத்தகிரி ரோட்டுல ஒவ்வொரு குலுக்கலும் அந்த ஒரே இடத்துலதான் விழுது, அதுலயும் டிராபார் ட்யூபோட அடிப்பக்கத்த இழுக்கும், அங்க போய் குறுக்கால வெல்டிங் போட்டிருக்காங்க. டிராபார அடியில ரெண்டாவது குறுக்குச் சட்டம் வரைக்கும் நீட்டி, பக்கவாட்டுல மட்டும் நீளவாக்குல வெல்டிங் போடச் சொல்லுங்க.

அதுக்கு முன்னாடி விரிசல் எதுவரைக்கும் போயிருக்குன்னு பாருங்க. பெயிண்ட சுரண்டி, விரிசல் கண்டுபிடிக்கிற சிவப்பு டை (சாயம்) ஸ்ப்ரே அடிச்சு பத்து நிமிஷம் விட்டு நல்லா துடைச்சுட்டு அதோட வர்ற வெள்ளை டெவலப்பர் ஸ்ப்ரே அடிச்சா விரிசல் சிவப்புக் கோடா தெரியும். பாதி ட்யூபுக்கு மேல போயிருந்தா ரிப்பேர் வேணாம், அந்தத் துண்டயே மாத்துங்க.

7018 வகை வெல்டிங் ராடுன்னா பாக்கெட்ட திறந்து போட்டு வைக்காதீங்க, நம்ம ஊட்டி பனிக்கு சீக்கிரம் ஈரம் ஏறிடும். ஜிஐ பைப்னா (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) மேல இருக்கற துத்தநாகத்த தேய்ச்சு எடுத்துட்டு வெளியில வச்சு பண்ணுங்க, குளிருதுன்னு ஷட்டர இறக்கிட்டு பண்ணா அந்தப் புகைக்கே காய்ச்சல் வரும்.

இது முடியற வரைக்கும் மசினகுடி போற கல்லட்டி மலை ரோட்டுப் பக்கம் ட்ரெய்லரோட போகாதீங்க, 36 கொண்டை ஊசி வளைவு.