ஆறாவதா, மூன்றாவதா?

சார், வணக்கம்.

நான் வில்லிவாக்கத்துக்காரன். மஞ்சள் சட்டை மட்டும் நாலு வைத்திருக்கிறேன். சென்னையின் எஃப்சி கால்பந்து ஆட்டத்துக்கு நேரு ஸ்டேடியம் போவேன். கபடியில் தமிழ் தலைவாஸ் தோற்கிற அன்றைக்குச் சோறு இறங்காது. போன வாரம் டீக்கடையில் ஒரு சண்டை. அடுத்த பத்து வருடத்தில் நம் ஊருக்கு ஒரே ஒரு கோப்பைதான் என்றால் எதைக் கேட்பாய்? நான் சிஎஸ்கேயின் ஆறாவது என்றேன். மும்பையும் நாமும் ஐந்தைந்தில் நிற்கிறோம், தாண்ட வேண்டாமா? நண்பன் தலைவாஸ் என்றான். ஒரு கோப்பைகூட வாங்காதவனுக்குத்தானே முதல் பந்தி என்கிறான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே "ரஞ்சி" என்றார். மாநில அணிகள் ஆடும், யாருமே பார்க்காத கிரிக்கெட் கோப்பை சார் அது! நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., வில்லிவாக்கம்

அன்புள்ள எஸ்.,

நான் உங்கள் அப்பா கட்சி. ஆனால் எப்போதும் அப்படி இருந்தவன் இல்லை.

2023 ஐபிஎல் இறுதிப் போட்டியை ஒரு நண்பர் வீட்டு ஹாலில் பத்துப் பதினோரு பேராக உட்கார்ந்து பார்த்தோம். அகமதாபாத்தில் சிஎஸ்கேக்கு எதிராகக் குஜராத் முதலில் ஆடியது. சாய் சுதர்சன் விளாசிக்கொண்டிருந்தான். 21 வயதுச் சென்னைப் பையன். அவன் ஒவ்வொரு சிக்ஸ் அடிக்கும்போதும் நாங்கள் தலையில் கை வைத்தோம். 47 பந்தில் 96. பதிரனா பந்தில் எல்பி ஆனதும் ஹால் முழுக்க ஒரே கத்தல். நானும் கத்தினேன். கத்தி முடித்து உட்கார்ந்த பிறகுதான் ஒரு மாதிரி இருந்தது. நம்ம ஊர்ப் பிள்ளை, அவ்வளவு பெரிய மேடையில், நாலு ரன்னில் சதத்தை விட்டுவிட்டுப் போகிறான். அதற்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம், சென்னையின் பேரால்.

அப்புறம் மழை வந்தது, நள்ளிரவு தாண்டியது, ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸும் ஒரு ஃபோரும் அடித்தார். நான் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். ஆகவே சிஎஸ்கேயை நம் அணி இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ராஞ்சிக்காரர் தோனியைத் 'தல' என்று கூப்பிட்டு நம் வீட்டு ஆளாக்கிக்கொண்ட ஊர் இது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் சிஎஸ்கே வாங்கவேண்டிய பெரிய கோப்பையை வாங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அது 2018. இரண்டு வருடத் தடை முடிந்து வந்தார்கள். சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் ஆடியதுமே, காவிரிப் போராட்டத்தால் மற்ற உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்கள் தனி ரயிலில் புனேவுக்குப் போய் விசில் அடித்தார்கள். அதற்கு முன்னால் இந்த ஆறாவது கோப்பை எனக்குச் சின்னதாகத்தான் தெரிகிறது. மும்பையைத் தாண்டுவது ஒரு கணக்கு. அடுத்த வருடமே அவர்கள் சமன் செய்துவிட்டால் உங்கள் சந்தோஷம் எங்கே போகும்?

சென்னையின் எஃப்சியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2015-இலும் 2018-இலும் வாங்கியாயிற்று. இரண்டாவது முறை வாங்கியபோது வியாசர்பாடி தனபால் கணேஷ் அணியில் இருந்தார் என்பதே எனக்குப் போதும். (பெயரில் மட்டும் சென்னை இருந்த இன்னொரு கால்பந்து அணியும் உண்டு. சென்னை சிட்டி, கோயம்புத்தூரில் ஆடி 2018-19 ஐ-லீக்கையே வென்றது. டீக்கடையில் யாராவது அதைச் சொன்னார்களா?)

உங்கள் நண்பரின் வாதத்தைத்தான் தள்ள முடியவில்லை. தலைவாஸ் 2017-இல் வந்தது, இன்னும் கோப்பை இல்லை. 2022-இல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். மனிதர் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் இல்லாமலேயே அந்த வருடம்தான் முதல்முறையாக அரையிறுதி போனார்கள். கோயில் திருவிழாவில் ஃபோகஸ் லைட் கட்டி, மைக்கில் "ரைடு போறாரு, ரைடு போறாரு" என்று ஒருவர் தொண்டை கட்டக் கத்தும் கபடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தலைவாஸ் வென்றால் எத்தனை ஊரில் வெடி வெடிக்கும் என்று. ஆனால் அந்த ஊர்கள் தலைவாஸுக்காகக் காத்திருக்கவில்லை. கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனிலிருந்து ஆசிய இளையோர் தங்கத்தோடு திரும்பியபோது கபடிக்குக் கிடைத்த மரியாதையை ஓர் ஏல அணி தந்துவிட முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். சரி, நண்பருக்கு இரண்டாம் இடம்.

இனி ரஞ்சி. தமிழ்நாடு இதுவரை இரண்டே முறைதான் வாங்கியிருக்கிறது. 1954-55-இல் மெட்ராஸ் என்ற பெயரில், பாலு அழகண்ணன் தலைமையில், இந்தூருக்கே போய் ஹோல்கர் அணியை வென்று. அப்புறம் 1987-88-இல், வாசுதேவன் தலைமையில், சேப்பாக்கத்தில் ரயில்வேயை இன்னிங்ஸ் வித்தியாசத்தில். அதற்குப் பிறகு ஆறு முறை இறுதி ஆட்டம் வரை போய் ஆறு முறையும் தோற்றோம். இத்தனைக்கும் ஒருநாள் கோப்பையை ஐந்து முறையும் சையத் முஷ்டாக் அலி டி20-யை மூன்று முறையும் வாங்கிய அணி. 2021-இல் கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டியபோது ஷாருக் கான் சிக்ஸ் அடித்தாரே, அதுவும் இவர்கள்தான். நாலு நாள், ஐந்து நாள் ஆட்டம் என்றால் மட்டும் எங்கேயோ இடிக்கிறது.

நாம் தோற்கும் விதமும் சாதாரணமாக இருக்காது. 1972-73 இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கத்தில் பம்பாயிடம் 80, 61 என்று சுருண்டோம். இரண்டாம் நாளே முடிந்திருக்கும், ஒரு விக்கெட் மிச்சம் இருந்தது. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே அதுவும் விழுந்தது. அந்த ஒரு பந்துக்காகக் காலையில் கிளம்பி வந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

2012 ஜனவரியில் நான் அப்படிக் கிளம்பிப் போனவன். ராஜஸ்தானோடு இறுதி ஆட்டம், அதே சேப்பாக்கம். இரண்டு நாள் லீவு போட்டிருந்தேன். இரண்டு நாளும் வினீத் சக்ஸேனா ஆடினார். தடுத்தார், விட்டார், மறுபடி தடுத்தார். பறக்கும் ரயில் எத்தனை போனது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதம் சாப்பிட்டு, மூடி, துண்டை முகத்தில் போட்டுத் தூங்கி, எழுந்து, "இன்னும் அவனேவா?" என்றார். அவனேதான். 257. ராஜஸ்தான் 621. ஆட்டம் டிராவானது, முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கோப்பை அவர்களுக்குப் போனது.

யாருமே பார்க்காத கோப்பை என்கிறீர்கள். உண்மைதான், பார்ப்பது சில நூறு பேர். ஆனால் சாய் சுதர்சனும் சாய் கிஷோரும் நடராஜனும் வருண் சக்கரவர்த்தியும் வேறு வேறு ஊர்ச் சட்டையில் ஐபிஎல் ஆடும்போது, தமிழ்நாடு என்று எழுதிய சட்டை கிடைப்பது இங்கே மட்டும்தான். சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் ஆரம்பித்து, வெயிலில் காய்ந்து மேலே வந்தால்தான் அது கிடைக்கும். 1988 அணியில் இருந்த ராபின் சிங் டிரினிடாடில் பிறந்தவர். படிக்க வந்து, இங்கேயே ஆடி, இந்த ஊர்க்காரர் ஆனவர். அவரை யாரும் ஏலத்தில் எடுக்கவில்லை. இந்த அணி வென்றால் நான் கைதட்டிவிட்டு ஒரு மாதிரி உட்கார வேண்டியிருக்காது.

2025-இல் கேரளா முதல்முறையாக ரஞ்சி இறுதிக்குப் போனது. அரையிறுதியில் குஜராத் அணியின் கடைசி ஆட்டக்காரர் அடித்த பந்து ஷார்ட் லெக்கில் நின்றவரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறிக் கேட்சானது. முதல் இன்னிங்ஸில் கேரளாவுக்கு 2 ரன் முன்னிலை, அதிலேயே இறுதிக்குப் போனார்கள். அந்த ஒரு வாரம் என் மலையாளி நண்பர்கள் ஐபிஎல்லை மறந்தே போனார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்.

உங்கள் அப்பா 1988-இல் சேப்பாக்கத்துக்குப் போனாரா என்று கேட்டு எழுதுங்கள். போயிருந்தால், கடைசி விக்கெட் விழுந்தபோது எந்த ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார் என்றும்.